ஆறு மாதத்தில் ஆபீசர் ஆக முடியுமா?

கேள்வி: கேப்டன் ஐயா, கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகன் இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றிலும் சராசரி 74 சதவீதம். கப்பல் கேப்டன் ஆகியே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். தூத்துக்குடியில் ஒரு ஏஜென்ட், ஆறு மாதக் கோர்ஸ் முடித்தால் நேராக ஆபீசர் வேலை, ஆரம்பத்திலேயே லட்சத்துக்கு மேல் சம்பளம் என்கிறார். மொத்தம் நாலரை லட்சம் கேட்கிறார், அதில் முன்பணம் ஒரு லட்சம். இன்னொருவரோ, எத்தனை வருஷம் படித்தாலும் கப்பலில் வேலை பார்த்த பிறகுதான் பரீட்சையே எழுத முடியும் என்று சொல்கிறார். எது உண்மை? ஒரு வருஷ டிப்ளமோ நல்லதா, மூன்று வருஷ பி.எஸ்சி. நல்லதா? பையன் மைனஸ் ஒன்றரை பவரில் கண்ணாடி போடுகிறான். அது தடையாகுமா? பதினொன்றாவது படிக்கும் மகளும் "நானும் போகட்டுமாப்பா" என்கிறாள். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். பெண்பிள்ளைகளைச் சேர்க்கிறார்களா?

வாசகர், கோவில்பட்டி

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

அவர் சொல்லும் ஆறு மாதக் கோர்ஸ் முழுப் பொய்யல்ல. ஜி.பி. ரேட்டிங் என்று அதற்குப் பெயர். பத்தாம் வகுப்பு தேறியவர்களே அதில் சேரலாம். முடித்தவர் கப்பலில் ரேட்டிங் ஆக, அதாவது மாலுமியாக ஏறுவார். கப்பலைத் துறையில் கட்டும்போது வடம் இழுப்பது, ஸ்டியரிங் பிடிப்பது, துருவைக் கொத்திப் பெயின்ட் அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் இல்லாமல் கப்பல் நகராது. ஆனால் அது ஆபீசர் வேலை அல்ல. மாலுமியாகத் தொடங்கி ஆபீசர் ஆனவர்கள் இருக்கிறார்கள், சிலர் கேப்டனாகவும் ஆகியிருக்கிறார்கள். அந்த வழியில் வருபவர் கேடட்டாக, அதாவது ஆபீசர் ஆகப் பயில்பவராக, முறையான பயிற்சி பெறாதவர் என்பதால் 36 மாதக் கடல் சேவை காட்ட வேண்டும், பிறகு மற்றவர்கள் எழுதும் அதே தேர்வை எழுத வேண்டும். உங்களிடம் அந்த ஏஜென்ட் விற்பது மாலுமிப் படிப்பை, ஆபீசர் என்ற பெயரில்.

ஆறு மாதத்தில் ஆபீசர் ஆக்கும் வழி இந்தியாவில் மட்டுமல்ல, முறையாகக் கப்பல் ஓட்டும் எந்த நாட்டிலும் கிடையாது. எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச உடன்படிக்கை 1978-ல் வந்தது. 2010-ல் மணிலாவில் அதைப் பெரிய அளவில் திருத்தினார்கள். கப்பல் ஆபீசருக்கு எவ்வளவு படிப்பு, எவ்வளவு கடல் அனுபவம் என்பதற்கு குறைந்தபட்ச அளவை அதுதான் நிர்ணயிக்கிறது. நம் ஊரில் அதை நடைமுறைப்படுத்துவது மும்பையில் உள்ள டி.ஜி. ஷிப்பிங், அதாவது கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். ஆகவே உங்களிடம் பேசிய இரண்டு பேரில் அந்த இன்னொருவர் சொன்னதே சரி. கடலில் பயிற்சி மாதங்களை முடித்துக் காட்டினால்தான் தேர்வுக் கூடத்துக்குள் விடுவார்கள்.

இனி கண் விஷயம். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்த வரிதான் பையனின் பாதையையே தீர்மானிக்கப் போகிறது. கப்பலில் ஆபீசர்கள் முக்கியமாக இரண்டு பிரிவு. டெக் பிரிவு கப்பலைச் செலுத்துகிறது, சரக்கைக் கவனிக்கிறது. அதன் உச்சப் பதவிதான் கேப்டன். என்ஜின் பிரிவு கப்பலின் இயந்திரங்கள் அனைத்தையும் பார்த்துக்கொள்கிறது. அதன் உச்சம் சீஃப் என்ஜினீயர். டெக் பிரிவுக்குப் புதிதாகச் சேருபவரிடம் கண்ணாடி இல்லாமலே ஏறக்குறைய முழுப் பார்வை கேட்கிறார்கள். மைனஸ் ஒன்றரை உள்ளவர் அதில் தேறுவது கடினம். என்ஜின் பிரிவில் ஓரளவு பவர் வரை கண்ணாடிக்கு அனுமதி உண்டு. உங்கள் பையனின் பவர் அங்கே பெரும்பாலும் தடையாகாது. நிறக்குருடு இருந்தால் மட்டும் இரண்டு பிரிவிலும் இடமில்லை. நிறக்குருடு உள்ள பல பையன்களுக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டிய பிறகு மருத்துவப் பரிசோதனையில் தெரியவந்து தலையில் கைவைத்து உட்கார்ந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த டாக்டர்களின் பட்டியல் அவர்களுடைய இணையதளத்திலேயே இருக்கிறது. விண்ணப்பம் போடும் முன்பே அவர்களில் ஒருவரிடம் பையனைக் காட்டிவிடுங்கள்.

கேப்டன் ஆசை போய்விட்டதே என்று தம்பி முகம் வாடுவார். வாட வேண்டியதில்லை. சீஃப் என்ஜினீயரின் சம்பளம் கேப்டன் சம்பளத்தை ஒட்டியே இருக்கும். கப்பலை விட்டுக் கரைக்கு வந்தால், என் அனுபவத்தில், என்ஜினீயர்களுக்குத்தான் வேலை சீக்கிரம் கிடைக்கிறது. மின்நிலையம், தொழிற்சாலை, கப்பல் கட்டும் தளம் என்று அவர்கள் கைத்தொழிலுக்கு எங்கும் தேவை இருக்கிறது. கப்பல் செலுத்தத் தெரிந்தவனுக்குக் கரையில் செலுத்த என்ன இருக்கிறது?

என்ஜின் பிரிவுக்கு இரண்டு வழி. ப்ளஸ் டூ முடித்து நான்காண்டு பி.டெக். மரைன் என்ஜினீயரிங் படிக்கலாம். அல்லது பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜி.எம்.இ. என்ற ஓராண்டுப் பயிற்சியில் சேரலாம். இரண்டிலும் அடுத்த கட்டம் ஒன்றே: பயிற்சி என்ஜினீயராக ஆறு மாதம் கப்பலில். அதன் பிறகுதான் எம்.இ.ஓ. கிளாஸ் ஃபோர் தேர்வு. அதில் தேறினால் ஆபீசர். பிறகு மறுபடி கடல் சேவை, கிளாஸ் டூ. மறுபடி கடல் சேவை, கிளாஸ் ஒன். அப்போதுதான் சீஃப் என்ஜினீயர் ஆகத் தகுதி. எது நல்லது என்றால், கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பத்துக்கு நான் இரண்டாவது வழியையே சொல்வேன். மெக்கானிக்கல் பட்டம் கையில் இருந்தால், கடல் ஒத்துவராவிட்டாலும் பிழைப்புக்கு வழி இருக்கும். நான்கு ஆண்டு கழித்தும் தம்பியின் பிடிவாதம் அப்படியே இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

ஆறு மாதம் கப்பலில் இருந்தால் அப்படி என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். வாய்மொழித் தேர்வில் கேட்கும் ஒரு கேள்வியைச் சொல்கிறேன். பெரிய சரக்குக் கப்பலின் மெயின் என்ஜின் மூன்று நான்கு மாடி உயரம் இருக்கும். அதன் அடிப்பெட்டியான கிராங்க்கேஸுக்குள் எண்ணெய் ஆவி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதாக அலாரம் அடிக்கிறது. என்ன செய்வாய்? உள்ளே ஏதோ ஒரு பேரிங் சூடேறிக் கொதிக்கிறது என்பதற்கு அது அடையாளம். மனுஷன் கை இயல்பாகக் கதவைத் திறந்து பார்க்கத்தான் போகும். திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகும், எண்ணெய் ஆவி வெடிக்கும், திறந்தவர் அங்கேயே முடிவார். கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜுக்குச் சொல்லி, வேகத்தைக் குறைத்து, என்ஜினை நிறுத்தி, கதவுப் பக்கம் யாரையும் விடாமல், சூடு தணியும்வரை காத்திருக்க வேண்டும். இந்தப் பதிலைப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் படித்துவிடலாம். நாற்பது டிகிரிக்கு மேல் வெக்கை, காது அடைக்கும் இரைச்சல், அலாரம் ஒரு பக்கம், பிரிட்ஜிலிருந்து போன் ஒரு பக்கம் என்று நிற்கும்போது கை கதவுப் பக்கம் போகாமல் இருக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் வகுப்பில் வராது.

இன்னொன்று, கரன்ட் போவது. நடுக்கடலில் ஜெனரேட்டர்கள் அனைத்தும் நின்றுவிட்டால் 45 விநாடிக்குள் அவசர ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்க வேண்டும் என்பது சட்டம். ஓடும். ஆனால் அது விளக்கு, ஸ்டியரிங் மாதிரி அத்தியாவசியமானவற்றுக்குத்தான் கரன்ட் கொடுக்கும், மெயின் என்ஜினைத் திரும்ப எழுப்பாது. எந்தப் பம்பை முதலில் ஓட விடுவது, எதை இரண்டாவதாக என்பதை இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், கப்பல் அலையில் உருண்டுகொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். குழாய் குழாயாகத் தொட்டுத் தடவி, இது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நோட்டில் படம் போட்டுப் பழகியவருக்கே அது முடியும். கேடட்டை முதல் வாரமே அந்தக் குழாய்ப் படங்களைப் போடச் சொல்லி விரட்டுவது அதற்காகத்தான்.

டெக் பக்கம் இந்தக் கடல் மாதங்கள் இன்னும் அதிகம். உங்கள் மகனுக்கு இது பயன்படாவிட்டாலும் மகளுக்குப் பயன்படலாம், ஆகவே விரிவாகவே எழுதுகிறேன்.

டெக் ஆபீசர் ஆக முறையான பயிற்சித் திட்டத்தில் குறைந்தது 12 மாதக் கடல் சேவை வேண்டும் என்பது சர்வதேச விதி. அதில் ஆறு மாதமாவது பிரிட்ஜில், கேப்டனோ தகுதி பெற்ற ஆபீசரோ பக்கத்தில் இருக்க, வாட்ச் எனும் முறைக்காவல் பார்த்திருக்க வேண்டும். நம் நாட்டில் டி.என்.எஸ். என்ற ஓராண்டு டிப்ளமோ படித்தவருக்கு 18 மாதம், மூன்றாண்டு பி.எஸ்சி. நாட்டிகல் சயின்ஸ் படித்தவருக்கு 12 மாதம். பிறகு கரையில் சில மாத வகுப்பு, செகண்ட் மேட் தேர்வு. எம்.எம்.டி. என்று நாங்கள் சொல்லும் கடல்வணிகத் துறை அலுவலகம் அதை நடத்துகிறது. சென்னையிலும் உண்டு. எழுத்துத் தேர்வைவிடப் பையன்களை நடுங்க வைப்பது அங்கே நடக்கும் ஓரல்ஸ் என்ற வாய்மொழித் தேர்வுதான்.

பரீட்சை அதிகாரி மேஜையில் சின்னக் கப்பல் பொம்மைகளை நகர்த்துவார், அல்லது இரவு விளக்குகளைக் காட்டுவார். "உன் வலப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு, அதற்கு மேலே இரண்டு வெள்ளை விளக்கு. என்ன அது?" ஒவ்வொரு கப்பலுக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஆகவே சிவப்பு தெரிந்தால் அந்தக் கப்பல் தன் இடப்பக்கத்தை நமக்குக் காட்டிக்கொண்டு குறுக்கே போகிறது. இரண்டு வெள்ளை என்றால் அது 50 மீட்டருக்குக் குறையாத கப்பலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வருவதற்கு நாம்தான் வழிவிட வேண்டும். நிறக்குருடு உள்ளவரை ஏன் சேர்ப்பதில்லை என்பது இங்கே விளங்கும். அடுத்த கேள்வி: "மோதுமா, மோதாதா?" காம்பஸில் அதன் திசையை எடுக்க வேண்டும். சில நிமிடம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் மோதல் நிச்சயம். அடுத்து அவர் ஒரு வார்த்தை சேர்ப்பார்: "இப்போது பனிமூட்டம்." அவ்வளவுதான், எல்லாம் தலைகீழ். கண்ணுக்குத் தெரியாமல் ராடாரில் மட்டும் தெரியும் கப்பலிடம், நீ வழிவிடு, நான் நேராகப் போகிறேன் என்ற உரிமை யாருக்கும் கிடையாது. கப்பல்கள் மோதாமல் தடுக்கும் சர்வதேச விதிகளில் 19-ஆம் விதி இதற்கென்றே தனி. முன்பக்கம் வரும் கப்பலுக்காக இடப்பக்கம் திரும்புவதைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறது அது. மனப்பாடம் செய்தவர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்.

மலாக்கா நீரிணையில் ராத்திரி வாட்சில் நின்ற கேடட்டுக்கு இது வேறு மாதிரி தெரியும். ஒரே நேரத்தில் முப்பது நாற்பது விளக்குகள், நடுவில் விளக்கே இல்லாத மீன்பிடிப் படகுகள். எதைப் பார்க்க வேண்டும், எதை விடலாம் என்று பிரித்தறியும் கண் மெல்ல மெல்லத்தான் வரும். பக்கத்தில் நிற்கும் ஆபீசர் "என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்காத ஆபீசர் கிடைத்தால் கேடட்டுக்குத் துரதிர்ஷ்டம். அப்போது கேடட்தான் அவரை விடாமல் கேட்டுத் துளைக்க வேண்டும்.

பழைய நாட்களிலும் இதே கணக்குத்தான். இந்திய இளைஞர்களை ஆபீசர்களாக்க 1927-ல் மும்பையில் 'டஃபரின்' என்ற கப்பலையே பள்ளிக்கூடமாக நிறுத்திவைத்தார்கள். 1972-ல் அதன் இடத்துக்கு 'ராஜேந்திரா' வந்தது. 1993-ல் நவி மும்பையில் 'சாணக்யா' என்ற பெயரில் பள்ளிக்கூடம் கரைக்கே வந்துவிட்டது. பள்ளிக்கூடக் கப்பலில் வருஷக்கணக்கில் படித்தவரும் உண்மையான சரக்குக் கப்பலில் அப்ரன்டிஸாக உழைத்த பிறகே தேர்வு எழுதினார். கட்டிப்போட்ட கப்பலில் கிடப்பது கடல் சேவை ஆகாது.

எது கடல் சேவையாகக் கணக்கில் வரும் என்பதைப் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மோசடி பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. சி.டி.சி. என்ற கடலோடிப் புத்தகத்தில் சைன் ஆன், சைன் ஆஃப் தேதிகள் பதிவாகும். அந்த இரண்டு தேதிக்கு இடையில் இருப்பதே சேவை. கப்பலும் ஏதோ ஒரு கப்பலாக இருந்தால் போதாது. டெக் ஆபீசர் தகுதிக்கு 500 மொத்த டன்னேஜுக்குக் குறையாத கப்பல், என்ஜினுக்கு 750 கிலோவாட்டுக்குக் குறையாத இயந்திரம் என்று வரையறை இருக்கிறது. ஏஜென்டுகள் சிலர் பையன்களை வளைகுடாப் பக்கம் ஏதோ ஒரு சின்னப் படகிலோ, ஓடாமல் நங்கூரத்தில் துருப்பிடித்து நிற்கும் கப்பலிலோ ஏற்றிவிடுகிறார்கள். ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தால் அந்தச் சேவையை எம்.எம்.டி. ஏற்காது. சம்பளமும் வந்திருக்காது. முதலாளி கைகழுவிவிட்ட கப்பல்களில் சிக்கித் தவித்த கடலோடிகளில் 2024-ல் இந்தியர்களே அதிகம் என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குச் சொல்கிறது. காசு கொடுத்து ஏதோ ஒரு வெளிநாட்டின் சி.டி.சி. வாங்கிக்கொண்டு போனவர்களும் இப்படிச் சிக்குகிறார்கள்.

ஆகவே ஏஜென்டிடம் முதலில் கேட்க வேண்டியது அவருடைய ஆர்.பி.எஸ்.எல். உரிமத்தை. கப்பலுக்கு ஆள் எடுத்து அனுப்ப டி.ஜி. ஷிப்பிங் கொடுக்கும் உரிமம் அது. எண்ணை வாங்கி இணையதளத்தில் சரிபார்க்கலாம். உரிமம் உள்ளவர்கூட வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது. இந்தியா அதை 2015-ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கோர்ஸ் ஃபீஸைக் கல்லூரியில் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். வேலைக்கென்று யாராவது கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கப்பலில் ஏறிய பிறகு கேடட்டுக்கு உயிர் போன்றது டார் புக் என்ற பயிற்சிப் பதிவேடு. என்னென்ன வேலையைச் செய்து காட்டினார், யார் மேற்பார்த்தார் என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வேண்டும். ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு, இறங்கும் வாரத்தில் சீஃப் ஆபீசரைப் பிடித்து ஒரே பேனாவில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். பரீட்சை அதிகாரிகள் இதை இரண்டு பக்கம் புரட்டியதுமே கண்டுபிடித்துவிடுவார்கள். பதிவேட்டில் எழுதியதிலிருந்தே கேள்வியைத் தொடங்கினால் போச்சு. என்னிடம் வரும் கேடட்களுக்கு நான் சொல்வது, வேலையைச் செய்த அன்றே எழுது, தெரியாததைத் தெரியாது என்று எழுதி அடுத்த நாள் போய்க் கேள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். டி.என்.எஸ். கேடட்டின் அந்தப் பதினெட்டு மாதத்தில் பாதி நாள் துருக் கொத்துவதிலும், சரக்கு இறக்கிய பிறகு கிடங்கைக் கழுவுவதிலும், டேங்குக்குள் இறங்கிச் சேறு வாருவதிலும் போகும். படித்த பிள்ளையைக் கூலி வேலை வாங்குகிறார்களே என்று வீட்டுக்கு போன் வரும். நீங்கள் பதறாதீர்கள். பிற்பாடு சீஃப் ஆபீசராக ஒரு மாலுமியை டேங்குக்குள் அனுப்ப வேண்டியவர், அங்கே காற்று எப்படி இருக்கும் என்று தன் மூக்கால் தெரிந்திருக்க வேண்டும். அதே சமயம், கேடட்டை வேலைக்காரனாக மட்டுமே வைத்துக்கொண்டு பிரிட்ஜ் பக்கமே விடாத கப்பலும் உண்டு. அது அநியாயம். கம்பெனியின் பயிற்சிப் பிரிவுக்குத் தயங்காமல் எழுதலாம். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு கேடட்டுக்கும் சட்டப்படி உரியது.

டிப்ளமோவா பி.எஸ்சி.யா என்று கேட்டிருந்தீர்கள். பாடத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கப்பலில் இடம் யார் தருகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் கல்லூரி இடம் கிடைப்பது எளிது, கேடட்டாகக் கப்பலில் ஏற இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ஒரு கப்பலில் இருபது, இருபத்தைந்து பேர்தான் மொத்தமே. அதில் கேடட்டுக்கு ஒன்றிரண்டு அறை. ஆனால் கல்லூரிகள் ஆண்டுதோறும் வகுப்பு வகுப்பாகப் பையன்களை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. படிப்பை முடித்துவிட்டுச் சான்றிதழோடு மும்பையில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கும் பையன்களை நிறையப் பார்க்கலாம். கடல் மாதம் கிடைக்காவிட்டால் அந்தச் சான்றிதழை வைத்து எதுவும் செய்ய முடியாது.

அதனால்தான் ஸ்பான்சர்ஷிப் என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஒரு கப்பல் கம்பெனி தேர்வு வைத்து, நேர்காணல் செய்து, படிப்பு முடிந்ததும் கேடட்டாக எடுத்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் கொடுப்பது அது. ஸ்பான்சர்ஷிப் கையில் இருந்தால் டி.என்.எஸ். நல்லது. எல்லாம் சரியாக நடந்தால் மூன்றரை நான்கு ஆண்டுக்குள் ஆபீசர் ஆகிவிடலாம், பட்டமும் வந்துவிடும். ஸ்பான்சர்ஷிப் இல்லாமல் டி.என்.எஸ்.ஸில் சேருவதை நான் ஆதரிக்க மாட்டேன். பி.எஸ்சி. என்றால் ஏறும் முன்பே ஒரு பட்டம் கையில் இருக்கும், கடல் மாதமும் ஆறு குறையும். ஆனால் அந்தப் பட்டத்துக்குக் கரையில் பெரிய மதிப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி பிரதிநிதி "நூறு சதவீத பிளேஸ்மென்ட்" என்றால், போன வருஷம் முடித்தவர்கள் யார் யார் எந்தக் கம்பெனிக் கப்பலில் ஏறினார்கள் என்று பட்டியல் கேளுங்கள். தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

பணக் கணக்கு கொஞ்சம். ஏஜென்ட் சொல்லும் லட்சம் கேடட்டுக்கு வராது. அவருக்குக் கிடைப்பது மாதம் சில நூறு டாலர் உதவித்தொகை. ஆபீசரான பிறகு சம்பளம் நன்றாகவே இருக்கும். ஆனால் பெரும்பாலான வெளிநாட்டுக் கம்பெனிகளில் கப்பலில் இருக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் சம்பளம். தேர்வுக்காகக் கரையில் வகுப்புக்குப் போகும் மாதங்களில் வருமானம் இல்லை, ஃபீஸ், வாடகை, சாப்பாடு எல்லாம் கைக்காசு. செகண்ட் மேட் தேறியவர் தேர்ட் ஆபீசராக ஏறுவார். பிறகு கடல், தேர்வு, சீஃப் மேட். மறுபடி கடல், தேர்வு, மாஸ்டர். கேப்டன் நாற்காலியில் உட்கார, படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து சாதாரணமாகப் பத்தாண்டுக்குக் குறையாது. வங்கிக் கடன் வாங்கும்போது இந்த இடைவெளிகளையும் மாதத் தவணைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மகள். சேர்க்கிறார்கள் ஐயா, தாராளமாக. வயது வரம்பில் பெண்களுக்கு இரண்டாண்டு சலுகையும் உண்டு. கேரளத்தின் கொடுங்கல்லூரைச் சேர்ந்த ராதிகா மேனன் கப்பலில் ரேடியோ ஆபீசராகத்தான் தொடங்கினார். பிறகு டெக் பக்கம் மாறி, கடல் சேவையும் தேர்வும் ஒவ்வொன்றாக முடித்துக் கேப்டன் ஆனார். இந்திய வணிகக் கப்பல்களில் முதல் பெண் கேப்டன் அவர். 2015 ஜூனில் வங்காள விரிகுடாவில் புயல் நேரத்தில் 'துர்கம்மா' என்ற படகில் தத்தளித்த ஏழு மீனவர்களை அவருடைய எண்ணெய்க் கப்பல் 'சம்பூர்ண ஸ்வராஜ்யா' காப்பாற்றியது. அடுத்த ஆண்டு சர்வதேசக் கடல்சார் அமைப்பு தன் வீரதீர விருதை அவருக்குக் கொடுத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

அதற்காகப் பாதை பூப்போட்டது என்று சொல்ல மாட்டேன். இருபது ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக மாதக்கணக்கில் இருக்க வேண்டிவரலாம். சில கம்பெனிகள் பெண் கேடட்களை எடுக்கவே தயங்குகின்றன. எடுக்கும் கம்பெனி எது, இரண்டு பெண்களையாவது ஒரே கப்பலில் அனுப்புகிறதா, புகார் சொல்ல நேரடித் தொடர்பு கொடுத்திருக்கிறதா என்று விசாரித்த பிறகு சம்மதியுங்கள். மகளுக்குக் கண்ணாடி இல்லையென்றால், கணக்கும் பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் எடுத்திருந்தால், உங்கள் வீட்டில் கேப்டன் ஆக வாய்ப்புள்ளவர் அவர்தான்.

டி.என்.எஸ்., பி.எஸ்சி., பி.டெக். மூன்றுக்கும் வாசல் ஒன்றே. சென்னை உத்தண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், ஐ.எம்.யூ., நடத்தும் சி.இ.டி. பொது நுழைவுத் தேர்வு அது. ப்ளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் சராசரி 60 சதவீதம், ஆங்கிலத்தில் 50 சதவீதம் வேண்டும். தம்பியின் மதிப்பெண் போதும். இந்த ஆண்டுத் தேதி தாண்டிவிட்டிருந்தாலும் பாதகமில்லை, வயது இருக்கிறது. அறிவிப்பு ஐ.எம்.யூ. இணையதளத்திலேயே வரும். விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே நீங்களே போடலாம், அதற்கு எந்த ஏஜென்டும் தேவையில்லை.